கிட்டப்பார்வைக்கு லென்ஸ்தான் காரணமா? பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பற்றி ஒரு விமர்சனம்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம், 2019இல் வந்த புதிய பாடத்திட்டம், இரண்டாவது பாடம் ஒளியியல். அதன் பிற்பகுதியில் மனிதக் கண் வருகிறது. கண்ணின் பாகங்கள், பிறகு கண்ணின் குறைபாடுகள். கிட்டப்பார்வைக்குச் சில வரிகள், ஒரு படம், ஒரு கணக்கு. அவ்வளவுதான். இந்தச் சில வரிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒரு பள்ளிக்கூடப் பாடத்தின் சில வரிகளுக்கு இவ்வளவு நீளமான விமர்சனம் தேவையா என்று கேட்கலாம். தமிழில் படிக்கிற பெரும்பாலான பேருக்குக் கண்ணைப் பற்றி வாழ்க்கையில் கிடைக்கிற ஒரே முறையான பாடம் இதுதான். அதற்கப்புறம் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வதெல்லாம் ஆப்டிகல் கடையில், இல்லையென்றால் வாட்ஸப்பில். எனக்கு மைனஸ் பத்துக்கு மேல் போன கண்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அக்கறையோடு படித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார்னியாதான் கண்ணில் ஒளியை முக்கியமாக வளைக்கும் பரப்பு என்று பாடம் சரியாகவே சொல்கிறது. நம் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் ஏறக்குறைய 43 கார்னியாவுடையது. உள்ளே இருக்கிற லென்ஸின் பங்கு 20 சொச்சம்தான். கிட்டப்பார்வைக்கு முதல் காரணமாக விழிக்கோளம் நீண்டுபோவதைச் சொல்வதும் சரி.

சிக்கல் அடுத்த வரியில். விழிலென்ஸின் குவியத்தொலைவு குறைவதும், லென்ஸுக்கும் விழித்திரைக்கும் உள்ள தூரம் கூடுவதும் என்று இரண்டு காரணங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு, பாடம் நகர்ந்துவிடுகிறது. எது எப்போது நடக்கும், யாருக்கு நடக்கும், எது அதிகம் என்ற பேச்சே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நாற்பது வருடம் இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிய வழியே இல்லை.

அக்கா பையன் இந்த வருடம் பத்தாவது. இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு என் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்: "மாமா, உங்க லென்ஸ் ரொம்ப தடிச்சிப் போச்சா? அதனாலதான் இவ்ளோ பவரா?" பையன் மேல் தப்பில்லை. தடிமனான கண்ணாடி, தடித்த லென்ஸ் என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். பாடமும் அதற்கு இடம் கொடுக்கிறது. நடப்பதோ பெரும்பாலும் நேர் எதிர்.

குழந்தையிலிருந்து ஆரம்பிப்போம். பிறந்த குழந்தையின் விழி நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 24ஐ ஒட்டி இருக்கும். விழி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் ஏறக்குறைய இரண்டரை, மூன்று டயாப்டர் மைனஸ் பக்கம் போகும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எல்லாக் குழந்தைக்கும் மைனஸ் பதினைந்து, இருபது என்று வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? கார்னியா கொஞ்சம் தட்டையாகிறது, லென்ஸ் நிறையவே தன் திறனைக் குறைத்துக்கொள்கிறது. பிறந்த குழந்தையின் லென்ஸ் பெரியவருடையதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் திறன் கொண்டது. விழி நீள நீள அது மெலிந்து, தட்டையாகி, விட்டுக்கொடுத்துக்கொண்டே வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லென்ஸ் பழைய செல்களை வெளியே தள்ளுவதே கிடையாது. வெங்காயம் மாதிரி வெளியே புதிது புதிதாக அடுக்கு சேர்ந்துகொண்டே போகும். அப்படிச் சேர்ந்துகொண்டே இருந்தும் சுமார் பத்து வயது வரை அது மெலிகிறது. விழி அகலமாக வளரும்போது லென்ஸும் ஓரமாக இழுபடுவதுதான் காரணம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கிட்டப்பார்வை வரப்போகிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்கில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. கிட்டப்பார்வை தொடங்குகிற அந்த ஒரு வருடத்தை ஒட்டி, லென்ஸ் மெலிவதையும் தட்டையாவதையும் நிறுத்திவிடுகிறது என்று அது காட்டியது. விழி மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அதுவரை ஈடு கொடுத்துக்கொண்டிருந்த லென்ஸால் அதற்கு மேல் முடியவில்லை. அப்படி நின்ற பிறகும்கூட, கிட்டப்பார்வை உள்ள பெரியவர்களின் லென்ஸ் சராசரியாக மற்றவர்களுடையதைவிடத் திறன் குறைந்ததுதான். குவியத்தொலைவு குறைவு என்று பாடம் சொல்கிற இடத்தில், உண்மையில் அது கூடுதலாக இருக்கிறது. கடுமையான கிட்டப்பார்வையில் லென்ஸ் குற்றவாளி கிடையாது. கடைசி வரை தாங்கிப் பார்த்த ஆள் அது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெண்ணாடம் சிவன் கோவில் கருவறைக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். முன்னால் சதுரம், பின்னால் யானை முதுகு மாதிரி வளைந்து நீண்டிருக்கும். என் கண்ணும் அந்த மாதிரிதான். முன்பக்கம் வாசல், அதாவது கார்னியாவும் லென்ஸும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் போல. பின்பக்கம் மட்டும் நீண்டுவிட்டது. அளந்து பார்த்ததில் 28 மில்லிமீட்டர். வாசலைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். கிட்டப்பார்வை உள்ள ஒருவரால் 4 மீட்டர் வரைதான் பார்க்க முடிகிறது, அவர் 20 மீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும், என்ன லென்ஸ் போட வேண்டும்? விடை: குவியத்தொலைவு மைனஸ் 5 மீட்டர், திறன் மைனஸ் 0.2 டயாப்டர். சூத்திரத்தில் தப்பில்லை. ஆனால் இப்படி ஒரு கண்ணாடியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கண்ணாடி பவர் 0.25, 0.5 என்று கால் காலாகத்தான் ஏறும். 4 மீட்டர் வரை தெளிவாகத் தெரிகிறவர் பாதிப்பேர் கண்ணாடியே போடாமல் காலத்தை ஓட்டிவிடுவார். மைனஸ் 10 உள்ளவருக்குத் தெளிவு எங்கே முடிகிறது தெரியுமா? 10 சென்டிமீட்டரில். ஒரு சாண் கூட இல்லை. அதே சூத்திரத்தில் 4 மீட்டருக்குப் பதில் 0.1 மீட்டர் என்று ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருந்தால், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் போர்டு தெரியாத பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்று மற்ற முப்பது பேருக்கும் புரிந்திருக்கும். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை.

என் பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேதி வாரியாக வைத்திருக்கிறேன். வலது கண்ணை மட்டும் சொல்கிறேன். எட்டு வயதில் மைனஸ் 2.5. பதினைந்தில் 7. இருபத்திரண்டில் 10. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பெரிய மாற்றமில்லை. நாற்பத்தாறில் 11. நாற்பத்தெட்டில் 13. ஒரே பத்தியில் ஒரே மாதிரி எண்கள். மேலே ஏறுகிற எண்ணைப் பார்த்தால் ஒரே வியாதி முற்றிக்கொண்டே போகிற மாதிரிதான் தெரியும். ஆனால் 10 வரை ஏறியது விழி நீண்டதால். கடைசியில் ஏறிய அந்த மூன்றும் லென்ஸால். பாடம் அடுத்தடுத்து வைத்த இரண்டு காரணங்களும் என் ஒரே கண்ணில், இருபத்து நாலு வருட இடைவெளியில் வந்திருக்கின்றன. சீட்டில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

நடுவில் லென்ஸ் சும்மா இருந்ததா என்றால், இல்லை. அடுக்குகள் சேர்ந்துகொண்டே போனதால் வருடா வருடம் தடித்தது, வளைவும் கூடியது. அப்படியானால் பவர் ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. உள்ளே ஒளிவிலகல் எண் பரவியிருக்கும் விதம் மாறி, கூடிய வளைவை ஈடுகட்டிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை லென்ஸ் புதிர் என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அது இறுகிக்கொண்டே போனது. பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் கிட்டத்தில் பார்க்க 12 டயாப்டருக்கும் மேல் தன்னை மாற்றிக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டினால் ஒன்று தேறினால் அதிகம். இதுதான் வெள்ளெழுத்து. பாடம் இங்கே சிலியரித் தசை பலவீனமாவதையும் ஒரு காரணமாகச் சேர்க்கிறது. தசை வயதான பிறகும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, லென்ஸ்தான் வளைந்து கொடுப்பதில்லை என்பதுதான் இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. தசை பலவீனம் என்று எழுதிவிட்டால் கண்ணுக்கு உடற்பயிற்சி செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்கிற வியாபாரத்துக்குப் பாடநூலே கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

"மைனஸ் இருக்கிறவங்களுக்கு வெள்ளெழுத்து வராது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. வரும். மைனஸ் 3 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும், அது பேப்பர் படிக்கிற தூரம், அதனால் அவருக்கு வந்ததே தெரியாது. மைனஸ் 10 ஆசாமி கழற்றினால் மூக்கு பேப்பரில் இடிக்கும். ஆனால் அவருக்கும் ஒரு சலுகை உண்டு. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், அதே 33 சென்டிமீட்டரில் படிக்க லென்ஸ் 3 டயாப்டர் உழைக்க வேண்டியதில்லை, 2.3 போதும். அதனால் கண்ணாடி போட்டிருக்கும்வரை கொஞ்ச நாள் சமாளிப்பார். காண்டாக்ட் லென்ஸுக்கு மாறினால் அன்றைக்கே எழுத்து மங்கும். கண் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துபோவார். கெடவில்லை, சலுகை போய்விட்டது.

அடுத்தது கண்புரை. லென்ஸின் நடுவில் இருக்கிற புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. அவற்றை மாற்ற வழியில்லை. வயதாக ஆக அவை ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சளாகி, நடுப்பகுதி இறுகுகிறது. அப்போது அங்கே ஒளிவிலகல் எண் கூடும். லென்ஸின் திறன் ஏறும். பாடம் சொன்ன அந்தக் குவியத்தொலைவு குறைவது இப்போதுதான், ஐம்பதை ஒட்டி, உண்மையாகிறது. ப்ளஸ் கண்ணாடி போட்ட பாட்டி திடீரென்று கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தால், "பார்வை திரும்பிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். திரும்பவில்லை, புரை ஆரம்பித்திருக்கிறது. ஏற்கெனவே மைனஸ் 10 உள்ளவருக்கு அந்தச் சின்ன சந்தோஷமும் இல்லை. 10, 11 ஆகும், 13 ஆகும். மற்றபடி ஒரு வித்தியாசமும் தெரியாது.

இது அபூர்வமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வுக் குழு திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களின் கண்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை. வயது கூடக்கூட அந்த விகிதமும் கூடியது. லென்ஸின் நடுப்பகுதி இறுகுவதோடு அது நெருங்கிய தொடர்பு காட்டியது. பத்தாவது படிக்கிற பிள்ளையின் மைனஸும் அவன் தாத்தாவின் மைனஸும் பெரும்பாலும் வேறு வேறு வியாதி என்று பொருள். பாடம் இரண்டுக்கும் ஒரே படம் போடுகிறது.

கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்தப் புரை மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் இந்தத் தொடர்பைக் காட்டியிருக்கின்றன. ஏன் என்பதற்கு ஒரு விளக்கம்: நீண்ட விழிக்குள் இருக்கிற விட்ரியஸ் கூழ் சீக்கிரமே தண்ணீராக இளகிவிடுகிறது. கெட்டியான கூழ் இருக்கும்வரை விழித்திரைப் பக்கத்து ஆக்சிஜன் லென்ஸ் வரை அதிகம் வராது. இளகினால் வரும். லென்ஸின் புரதங்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. விட்ரியஸை அறுவை செய்து எடுத்தவர்களுக்கு ஓரிரு வருடத்தில் இதே நடுப்பகுதிப் புரை அடிக்கடி வருவது இந்த விளக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது. விருத்தாசலம் பக்கம் பீங்கான் சூளைகள் இருப்பதால் "சூளைச் சூட்டுலயும் புரை வருமா?" என்று கேட்பார்கள். வருடக்கணக்கில் நெருப்பின் முன் நிற்கிற கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்கு வருவது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அது வேறு வகைப் புரை, வேறு கதை.

லென்ஸ்தான் கோளாறு என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1890 வாக்கில் ஆஸ்திரியாவில் ஃபுகாலா என்ற மருத்துவர், கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் புரையே இல்லாத நல்ல லென்ஸை எடுத்துவிடும் அறுவையைப் பரப்பினார். மைனஸ் 15, 20 என்று இருந்தவர்கள் கனமான கண்ணாடியிலிருந்து விடுபட்டார்கள். எண் போய்விட்டது. ஆனால் நீண்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருந்தது. பின்னால் பலருக்கு விழித்திரை பிய்ந்து பார்வை போனது. அந்த அறுவையும் கைவிடப்பட்டது.

இன்றைய புரை அறுவை எவ்வளவோ பாதுகாப்பானது. மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப், உள்ளே வைக்கும் லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. அந்த லென்ஸ் எவ்வளவு திறன் வேண்டும் என்று கணக்குப் போடும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. பழைய சூத்திரம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன் (இப்போது இதைவிட நல்ல சூத்திரங்கள் இருக்கின்றன). 24 மில்லிமீட்டர் விழிக்கு சுமார் 19 டயாப்டர் லென்ஸ். அதே கார்னியா, 28 மில்லிமீட்டர் விழி என்றால் 9. 30 மில்லிமீட்டர் என்றால் 4. அதற்கு மேலும் நீண்டால் பூஜ்யம், மைனஸ் என்றுகூடப் போகும். லேசிக் செய்துகொண்டவருக்கு கார்னியாவின் வளைவு மாறியிருப்பதால் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். அதனால் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அறுவை முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தால் நாற்பது வருடமாகத் தெரியாத சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமல் தெரியும். "பவர் போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். போனது எண் மட்டும். 28 மில்லிமீட்டர் 28ஆகவேதான் இருக்கும். அதோடு வருகிற விழித்திரை ஆபத்தும், கண்ணழுத்த நோய் ஆபத்தும் அப்படியே இருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கண்ணாடி போட்டிருந்தவரை வருடத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் போனவர், கண்ணாடி போனதும் போவதை நிறுத்திவிடுகிறார். இங்கேதான் பார்வை பறிபோகிறது. கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, திடீரென்று மழை மாதிரி கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல்: இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஆப்டிகல் கடைக்கு அல்ல, விழித்திரை பார்க்கிற டாக்டரிடம்.

நான் இந்தப் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டுமென்றால் அதிகம் ஒன்றும் கேட்க மாட்டேன். அந்த வரிகளை இப்படி மாற்றுவேன்:

கிட்டப்பார்வை பெரும்பாலும் வளரும் வயதில், விழிக்கோளம் அதிகமாக நீள்வதால் வருகிறது. அப்போது விழிலென்ஸ் தன் திறனைக் குறைத்து ஈடுகட்டப் பார்க்கும், ஓர் அளவுக்கு மேல் அதனால் முடியாது. ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தாலோ, இருந்தது கூடினாலோ, அது விழிலென்ஸின் நடுப்பகுதி இறுகுவதன் அறிகுறியாக இருக்கலாம். குழிலென்ஸ் பார்வையைத் தெளிவாக்கும், நீண்ட விழியைச் சுருக்காது.

அப்புறம் அந்த 4 மீட்டரை 10 சென்டிமீட்டர் ஆக்குவேன். இருபது மீட்டருக்குப் பதில் கரும்பலகை வரை உள்ள தூரத்தைக் கொடுப்பேன். விடை ஏறக்குறைய மைனஸ் 10 வரும். அந்தக் கண்ணாடியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மற்றவர்கள் "சோடாபுட்டி" என்று கூப்பிடுவது ஒரு நாளைக்காவது குறையும்.

ஐம்பதை நெருங்குகிற மைனஸ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பவர் ஏறியிருக்கிறது என்று சொன்னால், புது கண்ணாடிக்குக் காசு கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏறினது விழியாலயா, லென்ஸாலயா?" சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். அப்படியே விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.